சைட் பை சைட் ஃபிரிட்ஜில் ஃபிரீசர் உறைகிறது, மறுபக்கம் குளிரவில்லை: கேஸ் ஏற்றத்தான் வேண்டுமா?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில், விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே இருக்கிறது. 600 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட சைட் பை சைட் ஃபிரிட்ஜ் ஒன்றைப் பயன்படுத்துகிறோம், வாரண்டி முடிந்துவிட்டது. அண்மைக் காலமாக இடப்பக்கத்து ஃபிரீசரில் ஐஸ் வழக்கம்போல் உறைகிறது, ஆனால் வலப்பக்கத்தில் குளிர்ச்சியே இல்லை. காலையில் காய்ச்சி வைத்த பால் மாலைக்குள் திரிந்துவிடுகிறது, ஆட்டி வைத்த மாவு ஒரே இரவில் புளித்துப் பொங்கிவிடுகிறது, ஊத்துக்குளியிலிருந்து வாங்கி வந்த வெண்ணெய் கிண்ணத்திலேயே இளகிக் கிடக்கிறது. இத்தனைக்கும் கதவிலுள்ள திரை 3 டிகிரி என்றே காட்டுகிறது.

நான் கவனித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரீசரின் பின்சுவருக்குள்ளிருந்து அவ்வப்போது கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது. கதவைத் திறந்தால் சத்தம் நின்றுவிடுகிறது, மூடினால் மீண்டும் தொடங்குகிறது. அடித்தட்டில் கண்ணாடித் தகடு போல ஐஸ் படிந்திருக்கிறது. இடையில் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் சென்றபோது ஃபிரிட்ஜை அணைத்து, கதவுகளைச் சற்றுத் திறந்து வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து போட்டதும் இரண்டு பக்கமும் புதிது போலக் குளிர்ந்தன; ஆனால் அது சில நாட்களுக்கு மேல் நீடிக்கவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே கேஸ் குறைந்துவிட்டது என்றும், ஏற்றினால் சரியாகிவிடும் என்றும் கூறி ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார். இது உண்மையிலேயே கேஸ் பிரச்சினைதானா, நாங்களே பார்க்கக்கூடியவை எவை, கைவைக்கக் கூடாதவை எவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவையிலிருந்து ஒரு மெக்கானிக்:

வணக்கம் அம்மணி. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவரை இது கேஸ் குறைந்ததன் அறிகுறியாக எனக்குத் தோன்றவில்லை. அணைத்து வைத்த பிறகு இரண்டு பக்கமும் நன்றாகக் குளிர்ந்தன என்ற ஒரு செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கசிந்து போன கேஸ் அணைத்து வைத்தால் திரும்பி வராது. ஆனால் உள்ளே அடைத்திருக்கும் ஐஸ் உருகிவிடும்.

சைட் பை சைட் வகையில் பெரும்பாலான மாடல்களில் குளிர்ச்சியை உண்டாக்கும் காயில் (வளைவு வளைவாகச் செல்லும் குழாய்) ஒன்றுதான், அது ஃபிரீசரின் பின்சுவருக்குள் இருக்கும். அந்தக் காயிலின் மேலே உள்ள சிறு ஃபேன் குளிர்ந்த காற்றை ஃபிரீசருக்குள் வீசுவதோடு, நடுச்சுவரில் உள்ள வழியாக ஒரு பகுதியை வலப்பக்கத்துக்கும் அனுப்புகிறது. எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை டேம்பர் என்ற சிறு மடல் திறந்தும் மூடியும் தீர்மானிக்கிறது. ஆகவே வலப்பக்கம் தானாகக் குளிர்வதில்லை, ஃபிரீசரிடமிருந்து வாங்கிக் குளிர்கிறது. காற்று வரும் வழி அடைபட்டால் முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பக்கம்தான். காயிலுக்கு அருகிலேயே இருப்பதால் ஃபிரீசர் இன்னும் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரக்காற்று காயிலின் மேல் பனியாகப் படியும். அதை உருக்குவதற்காகக் காயிலின் அடியில் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. பழைய டைமர் வகைகளில் கம்ப்ரசர் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் இது ஒருமுறை இயங்கும்; புதியவற்றில் மின்னணு போர்டு கணக்கிட்டு இயக்கும். உருகிய தண்ணீர் குழாய் வழியாகக் கம்ப்ரசருக்கு அருகிலுள்ள தட்டுக்கு வந்து ஆவியாகும். ஹீட்டர், வெப்பத்தை அறியும் சென்சார், வெப்பம் மிஞ்சினால் ஹீட்டரைத் துண்டிக்கும் ஃபியூஸ், போர்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பழுதானாலும் பனி உருகாமல் ஏறிக்கொண்டே போய்க் காற்று வழியை அடைத்துவிடும். உங்களுக்குக் கேட்கும் கரகர சத்தம் ஃபேனின் இறக்கை அந்தப் பனியில் உரசுவதாக இருக்க வேண்டும். பல மாடல்களில் கதவைத் திறந்தால் அந்த ஃபேன் நின்றுவிடும், அதனால்தான் சத்தமும் நிற்கிறது. அடித்தட்டில் ஐஸ் படிவது தண்ணீர் இறங்கும் துளையும் உறைந்து அடைபட்டிருப்பதைக் காட்டுகிறது.

யாராக இருந்தாலும் கேஸ் என்று சொல்வதற்கு முன் அந்தப் பின்தகட்டைக் கழற்றிப் பனி எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பவன். காயில் முழுவதும் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக, தடிமனாகப் பனி மூடியிருந்தால் அது உருக்கும் அமைப்பின் பழுது. கேஸ் நுழையும் ஓரத்தில் சில வளைவுகளில் மட்டும் பனி இருந்து மீதிக் காயில் வெறுமையாக இருந்தால் அப்போது கேஸ் குறைவைப் பற்றிப் பேசலாம். மெல்லிய பனி சீராகப் படர்ந்திருந்தும் வலப்பக்கம் குளிரவில்லையென்றால் ஃபேனையோ டேம்பரையோ சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு பார்வைக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. அதைச் செய்யாமல் கேஸ் ஏற்றுவது உங்கள் பணத்தை வீணாக்கும்.

கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்து போகும் பொருளும் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாக்குவம் எடுத்து, ஸ்டிக்கரில் எழுதியுள்ள கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். அதில் அனுபவமில்லாதவர்களைக் குழாயில் கைவைக்க விடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பவற்றை எடுத்து வைத்து, இரண்டு கதவுகளையும் முழுமையாகத் திறந்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு, பனி ஓரளவு இளகும் வரை காத்திருங்கள். உறைந்த நிலையில் தகட்டை இழுத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்துக் காற்றுப்படச் செய்தால் விரைவாக உருகும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் போன்றவற்றால் பனியைக் குத்தவே கூடாது. காயில் மெல்லிய அலுமினியம், ஒரு சிறு துளை விழுந்தாலும் இல்லாத கேஸ் பிரச்சினையை நாமே உண்டாக்கியது போலாகிவிடும். ஹேர் டிரையரும் வேண்டாம். டிராயர்களை எடுத்த பின் ஸ்க்ரூக்களின் மேலுள்ள சிறு மூடிகளை நெம்பி எடுத்துத் தகட்டைக் கழற்றுங்கள். ஓரங்கள் கூர்மையானவை, கையுறை அணிவது நல்லது. பனி முழுவதும் உருகுவதற்கு முன் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

திரையில் தெரியும் 3 டிகிரியை நம்ப வேண்டாம். பல மாடல்களில் அது நாம் வைத்த அளவைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் உண்மையான வெப்பத்தை அல்ல.

ஈரோட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி:

மெக்கானிக் அண்ணா சொன்னதோடு பஞ்சுத் தூசியைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் தறிதான் ஓடுகிறது. ஃபிரிட்ஜின் பின்புறம் அடியில் துளைகளுள்ள ஒரு மூடி இருக்கும். அதற்குள் கம்ப்ரசரும், பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் காயிலும் அதற்கான ஃபேனும் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கி அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தால் காயிலின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்து, விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். அந்த அளவுக்கு அடைத்திருந்தால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், கரண்ட் பில் ஏறும், வெயில் காலத்தில் இரண்டு பக்கமும் குளிர்ச்சி குறையும். மற்ற இடங்களில் ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். தறிக்கூடம், நூற்பு மில், ஜின்னிங் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மெல்லிய பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் துடைத்துவிட வேண்டும்.

கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுக்கும்போது சற்று இறுக்கமாக வர வேண்டும். தளர்வாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே போகிறது என்று பொருள். பெரும்பாலும் ரப்பரின் மடிப்பில் எண்ணெய்ப்பசையும் மாவும் காய்ந்து ஒட்டியிருக்கும், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே சரியாகும். முன்கால்களைத் திருகிச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு பாதியில் விட்டாலும் தானாக மூடிக்கொள்ளும். ஒரு கதவு மேலும் ஒன்று கீழுமாகத் தெரிந்தால் அதையும் இப்படியே சரிசெய்யலாம்.

வலப்பக்கத்தில் காற்று வரும் துளைகளை மறைத்துப் பெரிய பாத்திரங்களை வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மாவுத் தூக்குப் போசியை அங்கேதான் வைப்பார்கள். இடம் மாற்றியதும் மற்ற தட்டுகளின் குளிர்ச்சியில் வித்தியாசம் தெரிந்தது.

காங்கேயத்திலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன்:

மின்சாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் வெகுவாக இறங்குகிறது, உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜில் எந்த வோல்டேஜ் வரை ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்கும் கீழே போகிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு, போனால் ஸ்டெபிலைசர் வையுங்கள். போர்டு இருக்கும் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் புகுந்து ஷார்ட் ஆவது கிராமத்து வீடுகளில் அடிக்கடி நடப்பது. திறந்து பார்க்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இன்வெர்ட்டர் போர்டின் கெபாசிட்டரில் சிறிது நேரம் கரண்ட் நிற்கும் என்பதால் உடனே தொடக் கூடாது.

பல்லடத்திலிருந்து கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பின்தகட்டைக் கழற்றினோம். அண்ணா சொன்னபடியே காயில் முழுவதும் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மூடியிருந்தது, ஃபேனுக்கு அடியில் விரல் நுழைய இடமில்லை. பின்புற அடிமூடிக்குள் பஞ்சும் நிறையவே இருந்தது, எடுத்துவிட்டோம். பனி உருகிய பிறகு, ஐ.டி.ஐ. படித்த என் தம்பி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். ஹீட்டரில் 230 வோல்ட், 250 வாட் என்று இருக்கிறது, மீட்டர் 212 ஓம் காட்டுகிறது. காயிலின் மேல் பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஃபியூஸில் எந்தத் தொடர்பும் காட்டவில்லை. ஃபியூஸ் மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா? அதன் இரண்டு வயர்களையும் நேராக இணைத்து ஓட்டிவிடலாம் என்று கடையில் ஒருவர் சொன்னாராம்.

கோவையிலிருந்து அதே மெக்கானிக்:

தம்பி சரியாகவே பார்த்திருக்கிறார். அந்த வாட் கணக்குக்கு ஹீட்டர் ஏறத்தாழ 210 ஓம் காட்ட வேண்டும், ஆகவே ஹீட்டர் நன்றாக இருக்கிறது. பார்த்தது ஃபியூஸ்தான், பைமெட்டல் என்ற வெப்ப ஸ்விட்ச் அல்ல என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். பழைய மாடல்களில் வட்டமாக இருக்கும் பைமெட்டல் கடுங்குளிரில் மட்டும் தொடர்பு தரும், அறை வெப்பத்தில் துண்டித்தேதான் இருக்கும். அதைப் பழுதென்று நினைத்து மாற்றுபவர்கள் நிறையப் பேர். நல்ல ஃபியூஸ் என்றால் குளிரிலும் அறை வெப்பத்திலும் தொடர்பு இருக்க வேண்டும்.

வயர்களை நேராக இணைக்கும் யோசனைக்கு எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்காமல் தடுப்பதற்காகவே அந்த ஃபியூஸ் வைக்கப்பட்டிருக்கிறது. அது காரணமில்லாமல் போகாது என்பதால் சென்சாரையும் சேர்த்து மாற்றுங்கள். பல மாடல்களில் இரண்டும் ஒரே வயர் தொகுப்பாகவே கிடைக்கும். கதவின் உட்பக்கமுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் காட்டி, அந்த மாடல் எண்ணுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். பொருத்தும்போது சென்சார் முன்பு இருந்த அதே குழாயில் அதே இடத்தில் இருக்க வேண்டும், சற்றுத் தள்ளிப் போனாலும் பனி முழுவதும் உருகுவதற்குள் ஹீட்டர் நின்றுவிடும். புதிய ஃபியூஸும் சில நாளில் போனால் போர்டில் ஹீட்டரை இயக்கும் ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது போர்டைப் பார்க்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

தகட்டை மூடுவதற்கு முன் காயிலின் அடியிலுள்ள துளையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது பின்னால் உள்ள தட்டுக்கு வந்து சேருகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபிரீசரை மைனஸ் 18, மறுபக்கத்தை 3 அல்லது 4 டிகிரியில் வைத்து, வலப்பக்க நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டு ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் கதவைத் திறந்ததும் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.