மறுமொழி: 'டிஃபிராக்மென்ட்' – சிதறல் நீக்கமா, சேர்த்தடுக்கலா? (கூடவே 'ட்ரிம்')

அன்பு நண்பர்களே, வணக்கம்.

வீட்டுக் கணினிப் பராமரிப்புக் கையேட்டுக்காக நம் குழு தேடும் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை இரண்டொரு மடலிலேயே முடிவாகிவிட்டன. வால்பேப்பருக்குப் பின்னணிப் படம், டார்க் மோடுக்கு இருள் தோற்றம், பேக்கப்புக்குக் காப்பு நகல். இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. டிஃபிராக்மென்ட், அதாவது வட்டில் துண்டு துண்டாகக் கிடக்கும் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வேலை, அது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இழுக்கட்டும். பின்னணிப் படத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் படம் மாறிவிடும். இந்தச் சொல்லைத் தவறாக வைத்தால் படிப்பவர் தன் கணினியில் தேவையில்லாத வேலையைச் செய்வார், அல்லது பயந்துபோய்த் தேவையான வேலையைச் செய்யாமல் விடுவார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> 'சிதறல் நீக்கம்' என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

எனக்குச் 'சிதறல்' மேல் வருத்தம் இல்லை, 'நீக்கம்' மேல்தான். கைபேசியில் தமிழ் இடைமுகம் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். நீக்கு என்றால் அவருக்கு ஒரே பொருள்தான்: அழித்துவிடு. படத்தை நீக்கு, தொடர்பை நீக்கு, செயலியை நீக்கு. அதே ஆளிடம் 'வட்டுச் சிதறல் நீக்கம்' என்று ஒரு பொத்தானைக் காட்டினால் விரல் அதன்மேல் போகாது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவர் கணினியில்தான் உருவாகின்றன. பழைய இயந்திரம், உள்ளே 500 ஜிபி வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்), அதுவும் கிட்டத்தட்ட நிரம்பியது. பெரிய போஸ்டர் கோப்பைத் திறந்தால் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்கும், அது நின்ற பிறகுதான் படம் வரும். நம் பட்டியலை அவரிடம் காட்டினேன். 'சிதறல் நீக்கம்' என்ற இடத்தில் நின்று, "இத அழுத்துனா கஸ்டமர் ஃபைல் எல்லாம் போயிடாதா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த வரியில் 'சேர்த்தடுக்கு' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "பிரிஞ்சு கெடக்கறத ஒண்ணா வைக்குமா?" என்றார். நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீக்கம் என்று கேட்டதும் 'அப்ப இடம் கிடைக்கும்' என்று நினைப்பவர்கள் பலர். இந்த வேலையால் ஒரு எம்பி கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இருக்கிறதை இடம் மாற்றி வைப்பது மட்டும்தான். வட்டு நிரம்பியவர் இதைச் செய்துவிட்டு ஏமாந்து போவதற்குச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

ஒருவர் 'சிதைவு நீக்கம்' என்றும் எழுதியிருந்தார். அதை அறவே தவிர்க்க வேண்டும். சிதைந்த கோப்பு என்றால் கெட்டுப்போனது, திறக்காதது. இங்கே கோப்பு முழுசாக, நல்லபடியாக இருக்கிறது. வட்டில் தொடர்ந்தாற்போல் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

துண்டுபடுவது ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்லின் பொருத்தம் அதில்தான் இருக்கிறது. கோப்புகளை எழுதுகிறோம், அழிக்கிறோம், மறுபடி எழுதுகிறோம். நடுநடுவே சின்னச் சின்னக் காலி இடங்கள் விழுகின்றன. பெரிய கோப்பு ஒன்று வரும்போது அது முழுசாக உட்காரத் தொடர்ச்சியான இடம் இல்லாவிட்டால், கிடைத்த இடத்திலெல்லாம் பிரித்து வைக்கப்படுகிறது. வட்டு நிரம்ப நிரம்ப இது அதிகமாகும். வன்தட்டில் தட்டு சுழல்கிறது, அதன்மேல் படிக்கும் முனை நகர்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முனை நகர்வதற்கு ஏறக்குறைய 9 மில்லி நொடி. ஆக ஒவ்வொரு துண்டுக்கும் 13 மில்லி நொடி போகிறது. நூறு துண்டாகக் கிடக்கும் கோப்புக்கு, படிக்கும் நேரம் போக, தேடுவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அந்த அக்கா கடையில் கேட்ட சத்தம் இந்த முனையின் ஓட்டம்தான்.

ஆக, வேலை என்ன? பிரிந்தவற்றைச் சேர்ப்பது, சேர்த்ததை வரிசையாக அடுக்குவது. ஆங்கிலச் சொல்லில் 'டி' என்ற முன்னொட்டு இருப்பதால் தமிழில் நீக்கம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேர்த்து, அடுக்கு: சேர்த்தடுக்கு. பெயர்ச்சொல்லாகச் சேர்த்தடுக்கல். பொத்தானில் ஏவலாக நிற்கும், வாக்கியத்தில் வினையாக வளையும்: சேர்த்தடுக்கினேன், சேர்த்தடுக்கும், சேர்த்தடுக்க வேண்டாம். புதுச்சொல்லுக்கு இந்தக் கடைசிச் சோதனையை நான் எப்போதும் வைப்பேன். 'சிதறல் நீக்கம் செய்யப்பட வேண்டியதில்லை' என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

> கோப்பு என்பதே கோத்தலில் இருந்து வந்தது. 'மறுகோப்பு' எனலாமே?

மொழியாசிரியர் ஐயாவின் இந்த யோசனை என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. அழகு என்று பார்த்தால் இந்த இழையிலேயே இதுதான் அழகான சொல். 'கோர்த்தல்' என்று எல்லோரும் எழுதும் காலத்தில் 'கோத்தல்' என்ற சரியான வடிவத்தை நினைவுபடுத்தியதற்கும் நன்றி ஐயா. ஆனால் கோப்பு என்ற சொல் இன்று ஃபைல் என்ற பொருளில் இறுகிவிட்டது. 'கோப்புகளை மறுகோப்பு செய்' என்று படித்தால் பாதிப் பேர் நகலெடுப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். திரைபடிப்பான் மென்பொருளில் காதால் கேட்டுக் கணினி இயக்கும் நண்பர்களுக்கு இன்னும் சிரமம்.

சரி, ட்ரிம்முக்கு வருவோம். எஸ்எஸ்டி என்னும் சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகத்துக்கு இயங்குதளம் அனுப்பும் ஒரு கட்டளை அது. உண்மையில் இதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

> எஸ்எஸ்டியில் செய்வதும் அதே வேலைதானே? ஒரே சொல் போதும்.

கோவை நண்பரே, இங்கே நான் உறுதியாக மறுக்கிறேன். இரண்டும் ஒரே வேலை இல்லை. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் தரவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் எடுத்துவிடும். அங்கே துண்டுகளைச் சேர்த்து அடுக்குவதால் பெரிய லாபம் இல்லை, நட்டம் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் எல்லை இருக்கிறது. சேர்த்தடுக்கினால் காரணமில்லாமல் அந்த எல்லையை நோக்கி ஓட்டுகிறோம்.

மைக்ரோசாஃப்டே பெயரை மாற்றிக்கொண்ட கதையைப் பாருங்கள். 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6இல் இந்தக் கருவி டிஃபிராக் என்று இருந்தது. விண்டோஸ் 98இல் சின்னச் சின்னச் சதுரங்கள் நிறம் மாறுவதை மணிக்கணக்கில் பார்த்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பீர்கள். 2009இல் விண்டோஸ் 7, வாரம் ஒரு முறை தானாக நடக்கும் இந்த வேலையிலிருந்து எஸ்எஸ்டியை விலக்கி வைத்தது. 2012இல் விண்டோஸ் 8இல் சாளரத்தின் பெயரே 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' ஆனது. காரணம், அந்த ஒரே பொத்தான் இப்போது சாதனத்தைப் பார்த்து வேலை செய்கிறது. வன்தட்டாக இருந்தால் சேர்த்தடுக்கும், எஸ்எஸ்டியாக இருந்தால் ட்ரிம் அனுப்பும். நமக்கும் மூன்று சொல் வேண்டும்: அதற்கொன்று, இதற்கொன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பொதுச் சொல்லுக்குச் 'சீராக்கு' போதும். பாடநூலில் உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்) இருக்கட்டும், வீட்டுக் கையேட்டுக்கு அது கனம்.

(விண்டோஸ் சில நிலைமைகளில் எஸ்எஸ்டியிலும் தானாகக் கொஞ்சம் சேர்த்தடுக்கும் என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், செய்யும். எப்போது தேவை என்பது அதற்குத் தெரியும். நாம் கையால் செய்வதற்கு அது காரணம் ஆகாது.)

> ட்ரிம் என்றால் கத்தரிப்பதுதானே. 'கவாத்து' என்போம். தேயிலைக்கும் முருங்கைக்கும் சொல்வதுதான், எல்லோருக்கும் தெரியும்.

கவாத்து என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. உழவர் வாயில் புழங்கும் சொல், எவ்வளவு உயிரோடு இருக்கிறது! ஆனால் ட்ரிம் எதையும் வெட்டுவதில்லை. அது ஒரு தகவல். கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் தன் குறிப்பேட்டில் மட்டும் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போயும் வீட்டுக்காரருக்குச் சொல்லாவிட்டால் வீடு பூட்டியே கிடக்குமே, அந்த நிலைமை. எஸ்எஸ்டியில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக. ஆகவே அது உள்ளுக்குள் இடத்தை ஒழுங்குபடுத்தும்போது, செத்துப்போன தரவையும் உயிருள்ளதாக நினைத்து இங்கிருந்து அங்கே நகலெடுத்துக்கொண்டே இருக்கும். வேகமும் குறையும், தேய்மானமும் கூடும். 'இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்' என்று இயங்குதளம் சொல்வதுதான் ட்ரிம்.

ஆங்கிலமே இங்கு ஒரு சொல்லில் நிற்கவில்லை. கணினியும் சேமிப்பகமும் பேசிக்கொள்ளும் தரங்களில், ஏடிஏ தரத்தில் ட்ரிம், ஸ்கஸி தரத்தில் அன்மேப், என்விஎம்இ தரத்தில் டீஅலோகேட். ஒரே கருத்துக்கு அவர்களே மூன்று பெயர் வைத்திருக்கும்போது, அதில் முதல் பெயருக்கு மட்டும் அகராதியில் பொருள் தேடி வெட்டு, கத்தரி, கவாத்து என்று நாம் ஏன் போக வேண்டும்?

முதலில் 'காலியிட அறிவிப்பு' என்றுதான் எழுதி வைத்தேன். அதைப் பார்த்தால் தேர்வாணைய வேலைவாய்ப்புச் செய்தி மாதிரி இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: இட விடுவிப்பு. வினை, விடுவி. 'எஸ்எஸ்டியில் அழித்த கோப்புகளின் இடத்தை விண்டோஸ் தானாகவே விடுவிக்கிறது.' நம் வீட்டில் பேசும் வாக்கியம்தான். கவாத்தை நான் விடப் போவதில்லை. இயந்திரக் கற்றலில் முடிவு மரத்தின் தேவையற்ற கிளைகளை வெட்டுவதற்கு அது அச்சாகப் பொருந்தும். வேண்டுமானால் அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

அப்புறம், எஸ்எஸ்டியைத் 'திண்மநிலை இயக்கி' என்று எழுதுவதை மறுபடி யோசிக்க வேண்டும். இயக்கி என்ற சொல்லை டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்துப் பல காலம் ஆகிறது. 'இயக்கியைப் புதுப்பிக்கவும்' என்று கையேட்டில் எழுதினால், மென்பொருளைப் புதுப்பிப்பதா, கடைக்குப் போய்ப் புது எஸ்எஸ்டி வாங்குவதா? சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் எஸ்எஸ்டி என்றுதான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். முதல் முறை வரும்போது 'சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்' என்று ஒரு விளக்கம் போதும்.

சொற்கள் நடைமுறையில் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டின் அந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன். வரைவு கீழே:

"முதலில் உங்கள் கணினியில் இருப்பது வன்தட்டா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். விண்டோசில் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் defrag என்று தட்டினால் வரும் சாளரத்தில், ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் நேரே அதன் வகை எழுதியிருக்கும். இரண்டில் எதுவானாலும் வாரம் ஒரு முறை தானாகச் சீராக்கும் ஏற்பாடு அங்கேயே இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். வன்தட்டில் பெரிய கோப்புகள் திறக்கத் தாமதமானால் நீங்களே ஒரு முறை சேர்த்தடுக்கலாம். அதற்கு முன் வேண்டாத கோப்புகளை அழித்து இடம் உண்டாக்குங்கள், நிரம்பிய வட்டில் அடுக்க இடம் இருக்காது. மின்சாரம் போய் வரும் நேரத்தில் தொடங்க வேண்டாம். வன்தட்டிலிருந்து டிக் டிக் என்று புதுச் சத்தம் வந்தால் சேர்த்தடுக்கவே கூடாது. வட்டில் நிறையப் படித்து எழுதும் வேலை அது, பழுதாகும் வட்டை இன்னும் வேகமாகக் கெடுக்கும். முதலில் காப்பு நகல் எடுங்கள். எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றைச் சேர்த்தடுக்க வேண்டாம். பழைய இலவச டிஃபிராக் மென்பொருள்களை எஸ்எஸ்டி உள்ள கணினியில் நிறுவ வேண்டாம். இடம் விடுவிக்கப்பட்ட பிறகு, எஸ்எஸ்டியில் அழித்த படங்களை மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்."

உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இரண்டு வரி சேர்க்க வேண்டும். அங்கும் இட விடுவிப்பு வாரந்தோறும் தானாக நடக்கிறது. அதன் வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கோப்புகளை முடிந்தவரை தொடர்ச்சியாகவே வைப்பதால், வீட்டுக் கணினியில் சேர்த்தடுக்கும் தேவை அரிது.

யாழ்ப்பாணத்து அக்கா, வன்தட்டா வன்வட்டா என்ற உங்கள் கேள்விக்கு இதில் நான் பதில் சொல்லவில்லை. வரைவில் வன்தட்டு, வட்டு என்று இரண்டும் கலந்துதான் வந்திருக்கின்றன. உங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எது பழக்கம் என்று எழுதினால் ஒன்றாக மாற்றிவிடலாம். 'விடுவி' என்ற சொல் அங்கே வேறு கனத்தோடு ஒலிக்குமா என்பதையும் சொல்லுங்கள். அப்படியானால் 'இடம் ஒழிவு' என்று ஒன்றும் கைவசம் வைத்திருக்கிறேன், ஒழிந்த இடம் என்று நம் இரு கரையிலும் சொல்வதுதானே.

அன்புடன்,
திருச்சியிலிருந்து