சி.இ.ஓ. சம்பளம்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

இரவு ஷிப்ட்:
பதினோரு வருஷம் ஒரே கம்பெனி, உற்பத்திப் பிரிவு. ஒரு வருஷம் எல்லாரையும் கூட்டி, பெரிய திரையில் சி.இ.ஓ. பேசினார். சந்தை சரியில்லை, இன்கிரிமென்ட் கிடையாது, சேர்ந்து சுமப்போம் என்றார். கைகூடத் தட்டினோம். நிஜமாகவே அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நாலு மாசத்தில் ஆண்டறிக்கை வந்தது. யூனியன்காரர் ஒருவர் அதில் ஒரே ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நடுத்தர ஊழியர் ஒருவரின் சம்பளத்தைப் போல அவருடையது எத்தனை மடங்கு என்ற கணக்கு. மூன்று இலக்க எண். அதுகூடப் பரவாயில்லை, பெரிய பதவி என்று விட்டுவிடலாம். முந்தின வருஷத்தைவிட அது ஏறியிருந்தது. சேர்ந்து சுமக்கச் சொன்ன அதே வருஷம்.

மறுநாள் தாளைக் காணோம். செல்லோடேப் மட்டும் ரொம்ப நாள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.

பழைய எச்.ஆர்.:
நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். கம்பெனி இயக்குநர்கள் சேர்ந்த போர்டின் சம்பளக் கமிட்டிக்கு ஃபைல் தயார் செய்வது என் வேலை. வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் பட்டியல் தருவார்: நம்மைப் போன்ற கம்பெனிகள், அங்கே சி.இ.ஓ.வுக்கு எவ்வளவு. இந்த "நம்மைப் போன்ற" என்பதில்தான் சூட்சுமம். நம்மைவிடப் பெரிய கம்பெனிகள் நாலைந்து எப்படியோ உள்ளே நுழைந்திருக்கும். பிறகு கமிட்டியில் ஒருவர் கேட்பார், "நம்ம ஆள் சராசரிக்குக் கீழேயா இருக்கார்?" எந்த போர்டும் அதற்குச் சம்மதிக்காது. தன் ஆள் சுமார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! எல்லா போர்டும் இப்படியே நினைத்தால் அடுத்த வருஷம் சராசரி தானாக ஏறும். மறுபடி பட்டியல், மறுபடி அதே கேள்வி. யாரும் திருடவில்லை. கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் மினிட்ஸ் சுத்தமாக இருக்கும்.

தொழிலாளர்களுக்குச் சம்பளம் பேசும்போது கேள்வியே வேறு. "எவ்வளவு கொடுத்தா போகாம இருப்பாங்க?" இரண்டு ஃபைலையும் ஒரே வாரத்தில் நான் டைப் செய்திருக்கிறேன்.

நிழல்:
அடிக்க வராதீர்கள், எனக்கு வேறு அனுபவம். ஒரு சி.இ.ஓ.வுக்கு ஐந்து வருஷம் உதவியாளராக இருந்தேன். நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு தயாரிப்பை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் எதிர்த்தார்கள். இரண்டே வருஷத்தில் அந்தச் சந்தையே படுத்துவிட்டது. அதை நம்பியிருந்த போட்டிக் கம்பெனியை மூடினார்கள். எங்கள் எல்லாருக்கும் வேலை தப்பியது. அந்த ஒரு முடிவுக்கு எவ்வளவு கொடுப்பது?

இன்னொன்று. ஒருநாள் எரிச்சலில் அவர் சம்பளத்தை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு வந்தது உப்புக்குப் பெறாது.

இரவு ஷிப்ட்:
வகுத்தல் சரிதான் நிழல் சார், மறுக்கவில்லை. நல்ல முடிவுக்குக் கொடுக்கட்டும். தப்பான முடிவு எடுத்த வருஷம் ஏதாவது உண்டா? அப்போது எவ்வளவு குறைந்தது?

நிழல்:
உண்டு. ஒரு கம்பெனியை வாங்கி, மூணு வருஷத்தில் மொத்தத்தையும் நஷ்டத்தில் எழுதினோம். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அவருக்கு போனஸ் கணக்குப் போடும்போது, இது ஒருமுறை மட்டும் வந்த செலவு என்று அந்த நஷ்டத்தை ஒதுக்கி வைத்தார்கள். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கப்பிள்ளை:
மாமியார் உடைத்தால் மண்குடம்.

அது கிடக்கட்டும், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அந்த எண்ணையும் ரொம்ப நம்பாதீர்கள். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 197வது பிரிவும், அமெரிக்காவில் 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டமும் அதை வெளியிடச் சொல்கின்றன. எல்லாரையும் சம்பள வரிசைப்படி நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்பவர் யாரோ, அவரோடுதான் ஒப்பீடு. நான் இருந்த இடத்தில் துப்புரவு, காவல், பேக்கிங் மூன்றையும் ஒரே வருஷத்தில் காண்ட்ராக்டுக்கு விட்டார்கள். வரிசையின் வால் அறுந்தது. நடுவில் நிற்பவர் கூடுதல் சம்பளக்காரராக மாறினார். சி.இ.ஓ. சம்பளம் கூடியும் விகிதம் குறைந்தது! நான்தான் அந்த அட்டவணையைப் போட்டேன். போட்டுக்கொண்டிருந்தபோது என் மேஜைக்குக் கீழே துடைக்க வந்த அம்மா, "காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார். போன வருஷ வரிசையில் அவர் இருந்தார்.

வரம்பு போட்டாலும் இதே கதைதான். 1993-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: ஷேர் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் சி.இ.ஓ.வுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தால், கூடுதல் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. ஆனால் "செயல்திறனுக்கான ஊதியம்" என்றால் விலக்கு. அப்புறம் என்ன, ஷேர் ஆப்ஷன்களாக, அதாவது கம்பெனி ஷேரை முன்பே குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமையாக, கொட்டினார்கள். விலக்கை நீக்க 2017 வரை ஆயிற்று.

சம்பளப் பட்டுவாடா:
கேள்விப்பட்டது வேண்டாம் என்றீர்கள், ஒன்றுக்கு மட்டும் மன்னியுங்கள். ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனியான நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாடா, 2011-இல் விற்பனை சறுக்கியபோது தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2014-இல் மறுபடியும்.

நேரில் பார்த்ததும் ஒன்று உண்டு. நான் சம்பளம் போட்ட ஒரு இடத்தில் ஏழு மாசம் முதலாளி பெயருக்கு நேரே பூஜ்யம் போடச் சொன்னார். வெளியே சொல்லக் கூடாது என்றார். நிலைமை சரியானதும் எங்களுடைய பாக்கியெல்லாம் தீர்ந்த பிறகுதான் தன் பெயருக்கு நேரே தொகை போடச் சொன்னார். அந்த ஏழு மாசத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்ளவேயில்லை.

இரவு ஷிப்ட்:
எத்தனை பேர் வேலை செய்த இடம்?

சம்பளப் பட்டுவாடா:
நாற்பத்தொன்று. அவரையும் சேர்த்து.