கோப்பையின் கைப்பிடியில் விரிசல்: உலர்த்துவது பற்றி உதவி தேவை

வணக்கம். வீட்டில் ஒரு சிறிய அறையில் சக்கரமும் மின்சூளையும் வைத்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டால் கல்போல் இறுகும்) களிமண்ணில் வேலை செய்கிறேன். கிண்ணம், தட்டு எல்லாம் நன்றாகவே வருகின்றன. கோப்பைதான் பிரச்சினை. கைப்பிடி ஒட்டிய இடத்தில், பெரும்பாலும் மேல் முனையில், மயிரிழை அளவுக்கு விரிசல் விழுகிறது. காயும்போது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, முதல் சூட்டுக்குப் பிறகு தெரிவதும் உண்டு.

கோப்பை தோல் பதத்துக்கு (பாதி காய்ந்து, வடிவம் குலையாமல் செதுக்கக்கூடிய நிலைக்கு) வந்ததும் அடியைச் செதுக்குவேன். ஒட்டும் இடத்தைக் கீறி, அதே மண்ணைக் குழைத்த குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்டுவேன். மண் காயக் காயச் சுருங்கும். மெல்லிய கைப்பிடி சுவரை முந்திக்கொண்டு காய்ந்து இழுப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் கைப்பிடிக்கு மட்டும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறேன். விரிசல் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. சூளையிலும் 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும் என்பதால், அந்தக் கட்டத்தை மெதுவாகவே கடக்க விடுகிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: ஒட்டும்போது கைப்பிடியும் கோப்பையும் ஒரே பதத்தில் இருக்க வேண்டுமா, கைப்பிடி சற்று ஈரமாக இருக்கலாமா? குழம்பில் வினிகர் சேர்ப்பது உண்மையிலேயே பலன் தருகிறதா? அடியில் பிளாஸ்டர் ஊற்றிய ஈரப்பெட்டி (ஈரம் சட்டென்று போகாமல் வைத்திருக்கும் மூடிய பெட்டி) பயன்படுத்துபவர்கள் கோப்பைகளை அதில் எவ்வளவு நாள் வைக்கிறீர்கள்?

சூடான பானத்தோடு கைப்பிடி கழன்றால் யாருக்காவது கை வெந்துவிடும். சந்தேகம் உள்ள ஒரு கோப்பையையும் நான் விற்பதில்லை. அதனால்தான் இதை முழுதாகத் தீர்க்க விரும்புகிறேன். சின்னக் குறிப்பாக இருந்தாலும் சரி, எழுதுங்கள்.