138 வோல்ட்டும் 184 வோல்ட்டும் சேர்ந்து 230 ஆவது எப்படி? மாறுதிசை மின்சுற்றில் கலப்பெண்கள்

கேள்வி (மின்னியல் பட்டயப் படிப்பு மாணவர்)

வணக்கம். 30 ஓம் மின்தடையும் 40 ஓம் மின்மறுப்புள்ள (மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) ஒரு மின்தூண்டியும் (கம்பிச்சுருள்) தொடராக இணைந்து 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் இருக்கும் சுற்றை வகுப்பில் தீர்த்தோம். இரண்டும் சேர்ந்த மொத்த மின்னெதிர்ப்பு 50 ஓம், மின்னோட்டம் 4.6 ஆம்பியர் என்று வந்தது. அப்படியானால் மின்தடையின் குறுக்கே 138 வோல்ட்டும் மின்தூண்டியின் குறுக்கே 184 வோல்ட்டும் இருக்க வேண்டும். கூட்டினால் 322, வழங்கப்படுவதோ 230 மட்டுமே. தொடர்ச்சுற்றில் உறுப்புகளின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் வழங்கல் மின்னழுத்தம் வரவேண்டும் என்ற கிர்க்காஃப் விதி இங்கே செல்லாதா? j என்பதை −1 இன் வர்க்கமூலமாகக் கொண்டு, 30 + j40 என்ற கலப்பெண்ணாக எழுதிக் கணக்கிட்டால் விடை சரியாக வருகிறது. ஆனால் −1 இன் வர்க்கமூலத்துக்கும் ஒரு கம்பிச்சுருளுக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு விளங்கவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிவிடலாம் என்றாலும், புரிந்துகொண்டு எழுதவே விரும்புகிறேன்.

மறுமொழி 1 (மின்பகிர்மானப் பொறியாளர்)

கிர்க்காஃப் விதி இங்கும் பிசகாமல் பொருந்துகிறது. நீங்கள் கூட்டியவை மீட்டர் காட்டும் ஆர்.எம்.எஸ். மதிப்புகள் (வர்க்கங்களின் சராசரிக்கு மூலம் எடுத்தவை), விதி கேட்பதோ ஒரே கணத்தில் நிலவும் மதிப்புகளை. மின்னோட்டம் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 6.5 ஆம்பியரில் இருக்கும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மின்தடையின் குறுக்கே 195 வோல்ட் இருக்கும். மின்தூண்டியின் மின்னழுத்தம் மின்னோட்டம் மாறும் வீதத்தைப் பொறுத்தது; உச்சியில் அந்த வீதம் சுழியம் என்பதால் அங்கே மின்னழுத்தமும் சுழியம். எனவே அந்தக் கணத்தில் வழங்கலும் சரியாக 195 வோல்ட்தான். அதற்கு 5 மில்லிநொடி முன்பு, மின்னோட்டம் சுழியத்தைக் கடந்து ஏறும்போது, மின்தடையில் ஒன்றுமில்லை, மின்தூண்டியில் 260 வோல்ட், வழங்கலும் 260. இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை, கால் சுற்று தள்ளி வருகின்றன. அதனால்தான் 138-ஐயும் 184-ஐயும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது, கர்ணம் 230.

ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் இந்த முக்கோணம் இவ்வளவு துல்லியமாக அமையாது. சுருளின் கம்பிக்கே கொஞ்சம் மின்தடை உண்டு. ஆகவே இரண்டு அளவீடுகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், வழங்கல் மின்னழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அந்தக் குறையிலிருந்தே சுருள் எடுத்துக்கொள்ளும் திறனைக் கணக்கிடலாம். மூன்று வோல்ட்மீட்டர் முறை என்று பாடத்தில் வருவது இதுதான்.

மறுமொழி 2 (மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்)

−1 இன் வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்கோட்டில் 5-ஐ −1 ஆல் பெருக்கினால் −5 கிடைக்கிறது. அதாவது அந்த எண் சுழியத்தைச் சுற்றி 180 பாகை திரும்புகிறது. எதை இரண்டு முறை செய்தால் இந்தத் திருப்பம் கிடைக்கும் என்று கேட்டால், 90 பாகைத் திருப்பம் என்பதே விடை. j என்பது அந்தக் கால் திருப்பம்தான்; j × j = −1 என்பது அதையே எழுத்தில் சொல்கிறது. மின்தூண்டியின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிடக் கால் சுற்று முந்துகிறது என்று முதல் மறுமொழியில் பார்த்தோம். அந்தக் கால் சுற்றைத்தான் j40 இல் உள்ள j சொல்கிறது, 40 அளவைச் சொல்கிறது.

ஆழமான காரணம் வகையீட்டில் இருக்கிறது. சைனை வகையிட்டால் கொசைன் வருகிறது, கொசைனை வகையிட்டால் எதிர்க்குறியுடன் சைன் வருகிறது. இப்படி மாறி மாறி வரும் கோவைகளைக் கூட்டுவது பெரிய சுற்றுகளில் மிகுந்த உழைப்பைக் கேட்கும். அடுக்குக்குறிச் சார்புக்கும் சைன், கொசைன் சார்புகளுக்கும் உள்ள உறவை ஆய்லர் 1748-இல் வெளியிட்டார். அந்த வடிவில் எழுதினால் வகையிடுவது என்பது jω ஆல் பெருக்குவதாக மாறிவிடுகிறது (ω என்பது கோண அதிர்வெண், அதாவது 2π × அதிர்வெண்). வகைக்கெழுச் சமன்பாடு பள்ளி இயற்கணிதமாகிவிடுகிறது. இதை மின்பொறியாளர்களின் அன்றாடக் கருவியாக்கியதில் பெரும்பங்கு சார்லஸ் ஸ்டைன்மெட்ஸுக்கு உண்டு. 1893-இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் அவர் இம்முறையை விளக்கினார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கால் திருப்பம் என்ற விளக்கம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. திறன் கணக்கிடும்போது மின்னழுத்தம் V-ஐ மின்னோட்டம் I ஆல் நேராகப் பெருக்காமல், I இன் இணை கலப்பெண்ணால் (j பகுதியின் குறியை மாற்றிய எண்) பெருக்கச் சொல்வது ஏன்?

மறுமொழி 3 (மின்பகிர்மானப் பொறியாளர்)

திறன் இரண்டு கோணங்களின் வேறுபாட்டைப் பொறுத்தது. கலப்பெண்களைப் பெருக்கினால் கோணங்கள் கூடிவிடும். மின்னழுத்தத்தின் கோணத்தைச் சுழியம் என்று வைப்பது நம் வசதிக்காகத்தான். அதை 20 பாகை என்று வைத்தால் மின்னோட்டமும் 20 பாகை நகரும். அப்போது நேர்ப் பெருக்கலின் கோணம் 40 பாகை மாறிவிடும். கடிகாரத்தை எங்கிருந்து தொடங்கினோம் என்பதற்கேற்பச் சுற்றின் திறன் மாறக் கூடாதல்லவா? இணை கலப்பெண்ணை எடுத்தால் மின்னோட்டக் கோணத்தின் குறி மாறுவதால் இந்த 20 பாகை நீங்கிவிடுகிறது.

உங்கள் சுற்றில் அப்பெருக்கலின் மதிப்பு 634.8 + j846.4. முதல் பகுதி மின்தடையில் வெப்பமாகும் வாட். இரண்டாவது சுருளுக்கும் வழங்கலுக்கும் இடையே போய்வரும் ஆற்றலின் அளவு. அந்த 846.4-ஐ ஈடுசெய்ய, சுற்றுக்கு இணையாக ஏறத்தாழ 51 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால், வழங்கலிலிருந்து வரும் மின்னோட்டம் 4.6-இலிருந்து 2.76 ஆம்பியராகக் குறையும். தொழிற்சாலைகளில் மின்தேக்கிகளை வரிசையாக வைத்துத் திறன்காரணியை (V × I பெருக்கத்தில் உண்மையில் பயன்படும் திறனின் பங்கு) சீர்செய்வது இந்தக் கணக்கின்படிதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இவ்வளவும் ஒரே அதிர்வெண்ணில், நிலைபெற்ற ஓட்டத்தில் மட்டுமே பொருந்தும். சுவிட்சைப் போட்ட முதல் சில கணங்களுக்கு வகைக்கெழுச் சமன்பாட்டையே தீர்க்க வேண்டும்.

அடுத்த படியாக, மின்தடையையும் மின்தூண்டியையும் தொடராக அல்லாமல் இணையாக வைத்து இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். விடையை இங்கே இட்டால் சரிபார்த்துச் சொல்கிறேன்.