ஓடுற பசங்களைப் பார்த்துக் குரைக்கிற ஆடு மேய்க்கிற ஜாதி நாய்: பார்த்ததை எழுதுங்க (பேருக்குப் பதிலா ஊர்)

சத்துவாச்சாரி:
பக்கத்து வீட்டு பார்டர் கோலி, ஒன்றரை வயசு. தெருவுல ஆறு பசங்க ஓடிப்பிடிச்சு விளையாட்டு, கேட் திறந்து கிடந்துது. நாய் நேரா பாயல. தலையைத் தாழ்த்தி, வயிறு தரையில உரசுற மாதிரி பதுங்கி, அரைவட்டம் போட்டு வந்து, கடைசியா ஓடுன பொண்ணோட குதிகாலை ஒரு கவ்வு கவ்வி விட்டுது. ரத்தம் இல்ல, பல் தடம் மட்டும். அப்புறம் விடாம குரைப்பு. பசங்க பயந்து நின்னாங்க பாருங்க, அந்த நிமிஷமே வாயை மூடிக்கிச்சு. அதுதான் இன்னும் உறுத்துது. கோபத்துல குரைக்கிற நாய் அப்படி நிறுத்தாது. சிதறுன மந்தையைச் சேர்த்தாச்சு, வேலை முடிஞ்சுது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து "டேய் சும்மா இரு"ன்னு கத்தினது அதுக்குப் பின்பாட்டு!

ராணிப்பேட்டை:
குரைச்சா கண்டுக்காம விடுங்க, தானா அடங்கும். ராஜபாளையம் வளர்த்தா இந்தத் தொல்லையே இல்ல.

காட்பாடி:
அண்ணே, சோத்துக்குக் குரைக்கிற நாய்க்குத்தான் அந்த வைத்தியம். இதுக்கு நாம பார்க்கிறது கூலி இல்ல, பசங்க ஓடுறதுதான் கூலி. கண்டுக்காம விட்டா நாள் பூரா சம்பளம் வாங்கிக்கிட்டே இருக்கும். ராஜபாளையம் வேட்டை நாய், அதுவும் ஓடுறதைத் துரத்தும். கொஞ்சம் சத்தம் கம்மியா துரத்தும், அவ்ளோதான்.

பழக்குறதுக்கு முதல்ல தூரம். பசங்களைப் பார்க்குது, ஆனா குரைக்கல. அந்த இடத்தைக் கண்டுபிடிங்க. நாப்பது அடியா இருக்கலாம், நூறாவும் இருக்கலாம். ஆறடி கயித்துல பிடிச்சு நிறுத்தி, நாய் ஒரு பையன் பக்கம் திரும்புன நொடியில "ஷபாஷ்"னு ஒரே வார்த்தை, உடனே பட்டாணி அளவுக்கு வேகவெச்ச கோழி ஈரல். அஞ்சு நிமிஷம், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அது போதும். பையன் முதல்ல நடக்கட்டும், அப்புறம் வேக நடை, அப்புறம் ஓட்டம், கடைசியில சைக்கிள். வேகத்தைக் கூட்டுற அன்னைக்குத் தூரத்தைக் குறைக்காதீங்க, ரெண்டையும் சேர்த்து மாத்துனா அங்கதான் கெடும். குரைச்சிடுச்சா? அதட்டாதீங்க, பத்தடி பின்னால கூட்டிட்டுப் போங்க. குரைச்சு முடிச்ச பிறகு ஈரலை நீட்டாதீங்க, குரைச்சா ஈரல்னு கணக்குப் போட்டுக்கும்.

பசங்களுக்கும் பாடம் உண்டு. நாய் நெருங்குனா கையைக் கட்டிக்கிட்டு மரம் மாதிரி நிக்கணும், கத்தவே கூடாது.

குடியாத்தம்:
கேட்காமலே சொல்றேன். ஷாக் காலர், அதான் கரண்ட் ஷாக் கொடுக்கிற கழுத்துப்பட்டை, மாட்டாதீங்க. வலி வர்ற நேரத்துல எதிர்ல நிக்கிறது குழந்தை, அதனாலதான் வலின்னு நாய் முடிவு பண்ணும். இப்ப குரைக்கிறது நாளைக்குக் கடிக்கும். மணிக்கணக்கா பந்து வீசுறதும் வேண்டாம், துரத்துற வெறி ஏறுமே தவிர இறங்காது. மோப்பம் பிடிக்க விடுங்க, சாப்பாட்டைப் பழைய துணியில சுருட்டி ஒளிச்சு வைங்க. அக்னி நட்சத்திரத்துல நம்மூர் தார் ரோடு பாதத்தைச் சுட்டுடும், விடிகாலையிலேயே பாலாத்து மணல்ல நடத்திடுங்க. பகல்ல தூக்கம் கெட்ட நாய் சாயங்காலம் எதுக்கெடுத்தாலும் குரைக்கும்.

அந்தப் பொண்ணு விஷயம். ரத்தம் வரலன்னாலும் பல் பட்ட இடத்தை ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கிற வேலை வேண்டாம். அன்னைக்கே ஜி.எச். போய்க் காட்டணும். வெறிநாய்க்கடிக்குத் தோல்ல போடுற ஊசின்னா 0, 3, 7, 28-ஆம் நாள். நாய்க்கு ஊசி போட்டிருக்குன்னு வாய்வார்த்தையா சொன்னா நம்பாதீங்க, அட்டையில தேதியைப் பாருங்க.

சத்துவாச்சாரி:
ஊசி ஆரம்பிச்சாச்சு. கேட் கம்பியில கீழ் மூணடிக்குப் பச்சை வலை கட்டியிருக்காங்க. சக்கரமும் காலும் கண்ணுல படாததால குரைப்பு பாதியாச்சு. சைக்கிள் மணிச் சத்தத்துக்கு மட்டும் வலைக்கு அடியில மூக்கை நுழைக்குது.