விடுதிப் பள்ளியில் மாலை நாலு மணிக்கு மேல்: பெங்களூரு பெற்றோரின் அனுபவங்கள்

தேவனஹள்ளியிலிருந்து ஓர் அம்மா:

பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் ரிசல்ட் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். இப்போது என்னிடம் யாராவது யோசனை கேட்டால், சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அங்கே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள் என்கிறேன்.

என் மகள் பெங்களூரு ஊரக மாவட்டத்து நவோதயாவில், அதாவது மத்திய அரசு நடத்தும் விடுதிப் பள்ளியில், ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஐந்தாவது படிக்கும்போதே நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். அவள் கன்னடத்தில் எழுதினாள். முக்கால்வாசி இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான். தங்குவது, சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். ஆம்பூரில் இருக்கும் என் அண்ணன், "எங்க பக்கம் இப்படி ஒண்ணு இல்லையே" என்றார். 1986 கல்விக் கொள்கையின் கீழ் நாடு முழுக்கப் பரவிய பள்ளிகள் இவை. மும்மொழிப் பாடம் உண்டு என்பதால் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

முதல் இரண்டு மாதம், பார்க்கப் போனபோதெல்லாம் அழுதாள். மூன்றாவது மாதம் புளிசாதத்தோடு போனால், நாலு வாய் சாப்பிட்டுவிட்டு "கோகோ ப்ராக்டீஸ் இருக்கும்மா" என்று எழுந்துவிட்டாள். மீதிச் சாதத்தை மூடி வைத்துவிட்டு மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றேன். வீட்டில் யாராவது உரக்கப் பேசினாலே என் பின்னால் ஒளிகிற பெண், எட்டுப் பேரை அதட்டி வரிசையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

நவோதயாவில் பிள்ளைகளை அராவளி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு அணிகளாகப் பிரித்துவிடுவார்கள். மலைகளின் பெயர்கள். இவள் நீலகிரி. விளையாட்டு, நாடகம், பேச்சு எல்லாமே அணிக்காகத்தான். தனக்கு வரும், வராது என்று ஒதுங்க வழியில்லை. அணிக்கு ஆள் தேவை, போய் நிற்க வேண்டும். அப்படி நின்றுதான் தனக்கு என்ன வரும் என்று கண்டுபிடித்தாள்.

ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதப் பிள்ளைகளை ஓராண்டுக்கு வேறு மொழி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வருவார்கள். எங்கள் வீட்டில் இதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், இனிமேல் இந்தி பேசுகிற ஊரா என்று என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடைசியில் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற்றிவிட்டார்.

அங்கேயும் அதே நான்கு பெயர்கள், இவளுக்கு அங்கேயும் நீலகிரிதான். "நீலகிரி உங்க ஊர் மலையா?" என்று அங்கே படிக்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்களாம். கலைவிழா வந்தபோது, உங்கள் பக்கத்து ஆட்டம் ஏதாவது சொல்லிக் கொடு என்று அணியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, கும்மி எப்படி அடிக்கணும்?"

எனக்குத் தெரியாது. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிவாஜிநகர். கும்மியைப் பார்த்திருக்கிறேன், அடித்ததில்லை. "ஆயாகிட்ட கேளும்மா" என்றாள். ஆம்பூரில் இருந்த என் அம்மாவை கான்ஃபரன்ஸ் காலில் சேர்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய அம்மா, போனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டிப் பாடிக் காட்டினார். "குனிஞ்சு ஒரு தட்டு, நிமிந்து ஒரு தட்டு, வலக்காலை முன்ன வை, அப்புறம் வட்டம் நகரணும்." அந்தப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பெண்களின் கைதட்டல் முன்னும் பின்னுமாகக் கேட்டது. அம்மா சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலைந்து முறைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரே தட்டாகக் கேட்டது. ஆயாவிடமிருந்து என்னைத் தாண்டிப் போன ஒன்றை, எங்கோ வடக்கே ஒரு விடுதியில் இருந்த என் மகள் திரும்ப வாங்கிக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அல்சூரிலிருந்து ஓர் அப்பா:

நாலு மணிக் கணக்கை எங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். ஊருக்கு வெளியே ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் மகனைச் சேர்த்தோம். குதிரையேற்றம், நீச்சல், ரோபாட்டிக்ஸ், மிருதங்கம் என்று ஒரு பக்கம் நிறையப் பட்டியல் காட்டினார்கள். கலையையும் விளையாட்டையும் பாடத்திலிருந்து பிரித்து வைக்கக் கூடாது என்று 2020 கல்விக் கொள்கை சொல்வதை எடுத்துக் காட்டித்தான் பேச்சையே தொடங்கினார்கள். அவன் மிருதங்கத்துக்காகவே போகச் சம்மதித்தவன். வாரத்துக்கு ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம். மற்ற நாட்களில் மிருதங்கம் அறையில் பூட்டியிருக்கும். மாலை நாலு முதல் ஏழு வரை நுழைவுத் தேர்வுப் பயிற்சி. எட்டாம் வகுப்புப் பையனுக்கு! தினமும் தொடாமல் கை எப்படிப் படியும்? ஒரு வருடத்தில் அழைத்து வந்துவிட்டோம். இப்போது பக்கத்துப் பள்ளியில் படிக்கிறான், தினமும் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறான். விடுதியே கூடாது என்று சொல்ல மாட்டேன். பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாரத்து டைம் டேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து ஒரு சித்தி:

என் அக்கா மகள் ஆந்திராவில் இருக்கும் ரிஷி வேலி விடுதிப் பள்ளியில் படித்தாள். தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், அவர் தொடங்கிய பள்ளி. அங்கே மாலையில் 'அஸ்தாசல்' என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். ஒரு மாலை நானும் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் கை தானாகப் போனைத் தேடியது. அப்புறம் பறவைச் சத்தம் மட்டும்தான். எந்தப் போட்டிக்கும் சம்பந்தமில்லாத இந்த நேரத்தையும் நான் கல்வியில்தான் சேர்ப்பேன்.

தேவனஹள்ளி அம்மா மறுபடியும்:

நவோதயாவில் கட்டணமே கிடையாதா என்று ஒருவர் கேட்டார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 600 ரூபாய் வளர்ச்சி நிதி உண்டு. பெண் பிள்ளைகளுக்கும், பட்டியலினத்தவருக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அதுவும் இல்லை.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. நேற்று ஆம்பூரிலிருந்து அம்மா கூப்பிட்டு, "அந்த இந்திப் பொண்ணுங்க இன்னும் கும்மி அடிக்குதுங்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.