இரைப்பைப் புற்றுநோய் வந்தவருக்குக் கொழுப்பு மாத்திரை பயன் தருமா?

காரிமங்கலம் மகன்:
வணக்கம். என் தந்தைக்கு வயது 63. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவை சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டார்கள். இப்போது கீமோ நடந்து வருகிறது. அவருக்கு இதய நோயோ சர்க்கரையோ கிடையாது. கொழுப்பின் அளவும் இயல்பாகவே இருக்கிறது. ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரையை உட்கொள்ளும் இரைப்பைப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று, கொரியா, தைவான் ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சித்தப்பா இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்; தான் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டினையே அண்ணனுக்கும் கொடுத்துவிடலாம் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓசூர் வேதியியல்:
தம்பி, அந்தச் செய்தியை வதந்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்த காலம் முதலே இம்மருந்து தடுப்பது எந்த நொதியை என்பது தெரியும். அந்த நொதியின் வழியில் கொழுப்பு மட்டும் உருவாவதில்லை; ராஸ், ரோ போன்ற புரதங்களைச் செல்லின் சவ்வில் பிடித்து நிறுத்தும் கொழுப்பு இழையும் அங்கிருந்தே வருகிறது. அந்தப் புரதங்கள் சவ்வில் பொருந்தாவிட்டால், பெருகு என்ற கட்டளை புற்றுச்செல்லுக்குச் சரிவரப் போய்ச் சேராது. ஆய்வகத்தில் இரைப்பைப் புற்றுச்செல்கள் ஸ்டாட்டினால் மடிவதற்குக் காரணம் இதுதான். மனிதர்களிடமும் சான்று உண்டு. டென்மார்க்கில் 1995 முதல் 2007 வரை புற்றுநோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 3 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். நோய் வருமுன்பே ஸ்டாட்டின் எடுத்துவந்தவர்களிடையே இறப்பு 15 சதவீதம் குறைவாக இருந்தது. மலிவான மருந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடிக்கணக்கானோர் உட்கொண்ட மருந்து. இதைக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன இழப்பு என்று மருத்துவர்கள்தாம் விளக்க வேண்டும்.

அரூர் மருத்துவர்:
விளக்குகிறேன். கொடுத்தே பார்த்தாயிற்று என்பதுதான் முதல் செய்தி. கொரியாவிலேயே, அறுவை செய்ய இயலாத அளவு முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளிகள் 244 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, கேப்சிடபின், சிஸ்பிளாட்டின் கீமோவோடு ஒரு பிரிவினருக்கு 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினும் மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2014இல் வந்தது. நோய் மீண்டும் வளரத் தொடங்கும் வரையிலான இடைக்காலம் சிம்வாஸ்டாட்டின் பிரிவில் 5.2 மாதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 4.63 மாதம், தற்செயலாகவே நேரக்கூடிய வேறுபாடு அது. வாழ்நாளும் கூடவில்லை. நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் வந்த 846 பேரிடம் பிராவாஸ்டாட்டினைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது.

அப்படியானால் கொரியா, தைவான் ஆய்வுகளைப் போலக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மட்டும் பயன் தெரிவது ஏன் என்பதை எண்ணிப் பாருங்கள். அறுவைக்குப் பின் ஆறு மாதம் ஸ்டாட்டின் வாங்கியவரையே பயனாளி என்று ஓர் ஆய்வு வகுத்துக்கொண்டால், மூன்றாம் மாதத்தில் இறந்துபோனவர் அந்தக் கணக்கில் வரவே முடியாது. அவருடைய இறப்பு மாத்திரை எடுக்காதவர் பக்கமே எழுதப்படும். மாத்திரை எதுவும் செய்யாவிட்டாலும் அதை எடுத்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகவே கணக்குக் காட்டும். இன்னொன்றும் உண்டு. சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாக வரும் நோயாளிக்கு எந்த மருத்துவரும் புதிதாகக் கொழுப்பு மாத்திரை எழுத மாட்டார். தேறி நடமாடுகிறவருக்கே எழுதுவார். வாழப்போகிறவர் கையில்தான் அந்த மாத்திரை போய்ச் சேர்கிறது.

ஓசூர் வேதியியல்:
நீங்கள் சொல்லும் காலக் கணக்குப் பிழை டென்மார்க் ஆய்வுக்குப் பொருந்தாது, ஐயா. அவர்கள் நோய் கண்டறியப்படுவதற்கு முன் எடுத்தவர்களையே கணக்கில் கொண்டார்கள். கொரிய ஆய்வோ உடலெங்கும் பரவிய நிலையில் உள்ளவர்களிடம் செய்யப்பட்டது. பரவிய நோயில் தோற்ற மருந்து, கட்டியை நீக்கிய பின் மிஞ்சிய சில செல்களிடமும் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? இந்தத் தம்பியின் தந்தை இருப்பது கட்டியை நீக்கிய பிந்தைய நிலையில்.

அரூர் மருத்துவர்:
நியாயமான கேள்வி. ஆனால் அதே டென்மார்க் ஆய்வில் குறைந்த அளவு எடுத்தவர்களைவிட அதிக அளவு எடுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. மருந்துதான் காப்பாற்றியது என்றால் அளவு கூடும்போது பயனும் கூடியிருக்க வேண்டும். ஒழுங்காக மாத்திரை எடுத்து, ஒழுங்காக மருத்துவரைப் பார்க்கிறவர்களிடம் நோய் முன்கூட்டியே கண்டறியப்படுவதும் கணக்கில் கலந்திருக்கலாம். மேலும், இதய நோய்க்காக நடந்த 27 குலுக்கல் ஆய்வுகளின் சுமார் 1,75,000 பேரை ஒன்றுசேர்த்து 2012இல் கணக்கிட்டபோது, ஸ்டாட்டினால் புற்றுநோய் வருவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை; புற்றுநோயால் இறப்பதும் மாறவில்லை.

இழப்பு என்ன என்று கேட்டீர்கள். இரைப்பையின் பெரும்பகுதியை இழந்து கீமோவில் இருப்பவர் சிறுகச் சிறுகப் பல வேளை உண்டு எடையைக் காப்பதும், பி12 ஊசியையும் இரும்புச்சத்தையும் தவறவிடாமல் இருப்பதுமே பெரும்பாடு. அதற்கு நடுவே தசைவலியும் கல்லீரல் நொதி உயர்வும் வந்தால், அது கீமோவாலா மாத்திரையாலா என்று பிரித்தறிய முடியாமல் அடுத்த கீமோ தள்ளிப்போகும். உறுதியற்ற ஒன்றுக்காக உறுதியான சிகிச்சை தடைப்படுவதை நான் இழப்பு என்றே சொல்வேன்.

கிருஷ்ணகிரி செவிலியர்:
எதிர்த்திசையில் நடக்கும் தவறு ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இன்று பலருக்கு அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே குடும்பத்தார் பழைய மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் நான்கைந்து மாதத்து அட்டைகள் பிரிக்கப்படாமல் விழும். இதய நோய்க்காக ஸ்டாட்டின் எடுத்துவந்தவர் புற்றுநோயைக் காரணமாக வைத்துத் தாமாக அதை நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அரூர் மருத்துவர்:
முழுமையாக உடன்படுகிறேன், அம்மா.

ஓசூர் வேதியியல்:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அறுவைக்குப் பிந்தைய நிலையில் குலுக்கல் ஆய்வு செய்து பார்க்காமலே கதவை அடைப்பது அறிவியலாகாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். காப்புரிமை முடிந்த மலிவான மருந்தைப் பெரிய அளவில் சோதிக்க எந்த நிறுவனமும் பணம் போட முன்வராது. அரசுதான் செய்ய வேண்டும்.

அரூர் மருத்துவர்:
ஆய்வு செய்யட்டும், வரவேற்கிறேன். ஆய்வுக்கு வெளியே கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். காரிமங்கலம் தம்பிக்கு ஒன்று: தந்தையின் பயாப்சி அறிக்கையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் என்று நிலைநாட்டப்பட்ட கிருமி அது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அறிவித்துவிட்டது. இரைப்பைப் புற்றுநோய் வந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் இக்கிருமி உள்ளவர்களைக் கொண்டு கொரியாவில் நடந்த குலுக்கல் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்ததில், கிருமிநீக்க மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் இரைப்பைப் புற்றுநோய் வந்தது. உங்கள் குடும்பம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான்.

காரிமங்கலம் மகன்:
அறிக்கையைப் பார்த்தேன், ஐயா. இரண்டாம் பக்கத்தின் அடியில் அக்கிருமி காணப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. இதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தங்கையும் நானும் சித்தப்பாவும் பரிசோதித்துக்கொள்கிறோம்.

பாலக்கோடு மருந்தாளுநர்:
உங்கள் சித்தப்பாவுக்காகவே எழுதுகிறேன். அக்கிருமிக்கு வழக்கமாகத் தரும் மருந்து ஒரே அட்டையில் மூன்று மருந்துகளாக வரும்; அதில் கிளாரித்ரோமைசின் இருக்கும். சில ஸ்டாட்டின்களைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வழியை அது அடைத்துவிடுவதால், அவற்றின் அளவு இரத்தத்தில் பன்மடங்கு ஏறித் தசை சிதையலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிம்வாஸ்டாட்டினோடு இதைச் சேர்க்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் என்றால், அந்த நாட்களுக்கு அளவைக் குறைப்பதா, நிறுத்தி வைப்பதா, வேறு கிருமிக்கொல்லியைத் தருவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. பரிசோதனைக்குப் போகும்போதே அவருடைய மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். தொடையிலும் தோளிலும் கடும் வலி வந்தாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.